குதிரைவீரனும் கொழுந்துக் கூடையும்: மலையகத்துக் கௌபோய்ப் பட இரசனை பற்றிச் சில குறிப்புகள்

வெகுசன இரசனை பற்றி எழுதும் முற்போக்கு விமர்சகர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளுள் ஒன்றையே கைக்கொள்வர். மக்கள் விரும்புவது எதுவாயினும் அதனை மக்கள் கலை எனக் கொண்டாடுவது ஒன்று. மக்களின் கண்ணைக் கட்டும் சரக்கு எனத் தள்ளிவிடுவது மற்றையது. எம்மிடையே இரண்டாவது வழிக்கே செல்வாக்கு அதிகம். அதிலும் ஹொலிவூட்டார் 'வெஸ்ற்றேண்' என்றும் எமது மக்கள் 'கௌபோய்ப் படம்' என்றும் வழங்கும் திரைப்பட வகை பற்றியதாயின், விசாரணையின்றியே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. அமெரிக்கப் பூர்வகுடிகளின் நிலம் பறிக்கப்பட்ட வரலாற்றைச் சாகசமாக்கிக் காட்டும் படங்களை நிலமற்ற தோட்டத் தொழிலாளியின் மகன் இரசிப்பது பொய்ப் பிரக்ஞையன்றி வேறென்ன என்பர். கேள்வி நியாயமானதே. எனினும், அம்மகன் அப்படத்தின் எந்தக் கட்டத்தை நினைவில் வைத்திருக்கிறான், எதன்பொருட்டுத் தன் நண்பனோடு வாதாடுகிறான் என்பதைக் கேட்டறிந்த பின்னரே தீர்ப்பினை எழுதியிருக்க வேண்டும்.

ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளில் இத்தகைய வாதங்களைக் கேட்கும் வாய்ப்பு எமக்குப் பல தடவை கிட்டியதுண்டு. பஸ் நிலையத்தருகே தேத்தண்ணிக் கடையிலோ, ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலிலோ தொடங்கும் இவ்வாதங்களில் மூன்று தலைமுறையினர் கலந்துகொள்வர். நகரத்துத் திரையரங்குகளிற் படம் பார்த்த முதியவர்கள். எண்பதுகளில் தொலைக்காட்சிப் பெட்டியையும் 'டெக்'கையும் ஓரிரவு வாடகைக்கு எடுத்து விடிய விடியப் பார்த்தவர்கள். இன்று கைத்தொலைபேசியில் துண்டு துண்டாகப் பார்க்கும் இளைஞர்கள். 'மெக்கன்னாஸ் கோல்ட்' (1969) படத்திற் பொன் நிறைந்த பள்ளத்தாக்கு இடிந்து விழும் கட்டமே பெரிது என்பார் ஒருவர். 'ஃபோர் எ ஃபியூ டொலர்ஸ் மோர்' (1965) படத்தில், சட்டைப்பைக் கடிகாரத்தின் இசை ஓயும் கணத்திலே சுடவேண்டும் என்று இருவர் எதிரெதிரே நிற்கும் கட்டத்துக்கு முன்னே மலை இடிந்தாலென்ன, இடியாவிட்டாலென்ன என்பார் அடுத்தவர். இளைஞரோ 'த குட், த பாட் அன்ட் த அக்லி' (1966) படத்தின் மயானத்து மும்முனைச் சமரை விட்டு இறங்கமாட்டார். இடையில் யாரேனும் ஜெய்சங்கரை இழுத்து வருவார். அதன்பின் வாதம் கட்சியாகப் பிரியும்.

இங்கு முதலிற் கவனிக்கத்தக்கது வாதத்தின் வடிவமாகும். தமிழகத்திற் காமன் பண்டிகையை ஒட்டி, மன்மதன் எரிந்தானா இல்லையா என எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து லாவணி பாடும் மரபு உண்டு. எமது தோட்டங்களிலே காமன் கூத்து இன்றும் ஆடப்படுகிறது. கூத்துப் பார்ப்பவனுக்குக் கதை முன்னரே தெரியும். அவன் மதிப்பிடுவது கட்டத்தை. அது எவ்வாறு ஆடப்பட்டது, எவ்வளவு நேரம் இழுத்துப் பிடிக்கப்பட்டது என்பதையே. செர்ஜியோ லியோனியின் படங்களில் ஒரு துப்பாக்கிச் சமர் சுடுவதற்கு முன்னரே பல நிமிடங்கள் நீள்வது, வேகத்துக்குப் பழகிய நகரத்துப் பார்வையாளனுக்குச் சலிப்பூட்டலாம். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவற்றை இரவு முழுதும் இருந்து பார்த்துப் பழகியவனுக்கு அது சலிப்பன்று. ஆங்கிலம் தெரியாமையும் பெருந்தடையாகவில்லை. அப்படங்களில் உரையாடல் குறைவு. என்னியோ மொரிக்கோனேயின் இசையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். அத்துடன், நடிகர்கள் தத்தம் மொழியிற் பேச, பின்னர் குரல் சேர்க்கப்பட்டவை அவை. மூல மொழியென ஒன்றில்லாத படத்தை மொழி தெரியாது பார்ப்பதில் இழப்பு எவ்வளவு இருக்க முடியும்?

பொன்னர் சங்கர் கதையை இங்கு குறிப்பிட்டமைக்கு வேறொரு காரணமும் உண்டு. நிலமுடைய வேளாளச் சகோதரர்க்கும் காட்டுக்குரிய வேட்டுவர்க்குமிடையே எழும் பகையே அதன் அடித்தளம். உழுநிலம் விரியக் காடு சுருங்கும் வரலாறு அதற்குள் உறைந்திருக்கிறது. கௌபோய்ப் படத்தின் மூலக்கரு இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. ஆனால், தோட்டங்களில் அவ்வேடங்களைக் கட்டி ஆடியோர் நிலமற்றவர்கள். பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். நிலவுடைமையாளனின் வீரத்தைத் தன் வீரமாக ஆடும் முரண்பாடு ஹொலிவூட் எம்மை வந்தடைய முன்னரே எம்மிடம் இருந்தது. ஆளப்படுவோரின் உணர்வில் ஒன்றுக்கொன்று முரணான படிவுகள் ஒருங்கே கிடக்கும் என்று கிராம்சி விளக்கியது இத்தகைய நிலையையே. அமெரிக்கப் படத்தின் மீது முழுப் பழியையும் சுமத்துவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இவ்வகைப் படத்தை முற்றும் அமெரிக்கச் சரக்காகக் கொள்வதும் தவறு. குரோசாவாவின் 'யொஜிம்போ' (1961) இத்தாலியில் 'எ ஃபிஸ்ற்ஃபுல் ஒஃப் டொலர்ஸ்' (1964) ஆயிற்று. அவரது 'செவன் சாமுராய்' (1954) ஹொலிவூட்டில் 'த மக்னிஃபிசென்ற் செவன்' (1960) ஆகி, பெங்களூருக்கு அண்மையிலுள்ள ராமநகரப் பாறைகளுக்கிடையில் 'ஷோலே' (1975) ஆக மறுபிறவி எடுத்தது. இப்பயணத்தில் நிகழ்ந்த ஒரு மாற்றத்தை எமது இரசிகர்களோ விமர்சகர்களோ பேசக் கேட்டிலோம். ஜப்பானியப் படத்திலும் ஹொலிவூட் படத்திலும் கொள்ளையரை எதிர்க்கத் தீர்மானித்து வீரர்களை அமர்த்துபவர்கள் குடியானவர்களே. 'ஷோலே'யிலோ அமர்த்துபவர் தாக்கூர். ஊர்ப் பெரிய நிலக்கிழார். மக்களின் கூட்டுத் தீர்மானம் ஒரு பண்ணையாரின் தனிப்பட்ட பழிவாங்கலாகச் சுருங்கிவிட்டது. ஊரார் பார்த்துக்கொண்டு நிற்கின்றனர்.

கோடம்பாக்கத்துப் படங்கள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒளிப்பதிவாளராயிருந்து இயக்குநரான கர்ணன், ஜெய்சங்கரை வைத்து 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972) முதலியவற்றை எடுத்தார். குதிரை ஓடும் வேகத்திலும் கமரா நிற்கும் கோணத்திலும் அவருக்கிருந்த தேர்ச்சி, கதை எந்த மண்ணில் நிகழ்கிறது என்பதில் இருக்கவில்லை. சிவகாசியிலிருந்து வெளிவந்த சித்திரக்கதைகள் இவற்றிலும் கூடுதலாக வேரூன்றின என்பது எமது எண்ணம். இத்தாலிய டெக்ஸ் வில்லரும், பிரெஞ்சு மொழியிற் புளூபெரியாக இருந்து தமிழிற் கேப்டன் டைகரான வீரனும் இன்றும் தத்தம் கட்சியினரை உடையவர்கள். திரையில் தமிழ் பேசாத கௌபோய் அங்கேதான் நல்ல தமிழ் பேசினான்.

இனி உள்ளடக்கத்துக்கு வருவோம். கௌபோய்ப் படத்தின் அடிநாதம் நிலம். அதுவும் 'வெறும் நிலம்'. யாருக்கும் உரியதல்லாத எல்லையற்ற வெளி என்ற கற்பனை இல்லையேல் அவ்வீரன் குதிரை விடுவதற்கு இடமில்லை. அமெரிக்கரின் குணத்தை எல்லைப்புற நிலமே உருவாக்கிற்று என்று 1893இல் வரலாற்றாசிரியர் ரேணர் வாதிட்டபோது, அந்நிலத்தில் முன்பே வாழ்ந்தவர்கள் அவரது வாதத்திற் கிட்டத்தட்ட இடம்பெறவேயில்லை. இதே கற்பனை எமது மலைகளிற் சட்ட வடிவம் பெற்றது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடுகளும் பயிரிடப்படாத நிலங்களும் மறுத்து நிறுவப்படும்வரை முடிக்குரியவையே எனக் கொண்டது. கண்டிச் சிங்களக் கிராமத்தவரின் சேனை நிலமும் மேய்ச்சல் நிலமும் இவ்வாறு 'வெறும் நில'மாயின. அவற்றின்மீது கோப்பியும், பின்னர் தேயிலையும் எழுந்தன. அன்று இம்மலைகளிற் குதிரை ஏறி வந்தவன் துரை. வீரன் குதிரையில் வரும் காட்சிக்குக் கைதட்டும் எமது இரசிகனின் பாட்டன் குதிரைக் குளம்போசை கேட்டால் ஒதுங்கி நின்றவன் என்பதை மறத்தலாகாது.

ஹொலிவூட் ஒருமுறை நேரடியாகவே இங்கு வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட 'எலிஃபன்ற் வோக்' (1954) யானைகளின் வழியை மறித்து பங்களா கட்டிய துரையின் கதை. எலிசபெத் ரெயிலருக்கும் யானைகளுக்கும் அதிற் கிடைத்த இடம், கொழுந்து பறிப்போருக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் கொள்ளைநோயில் மடியும் கூட்டம்.

எனின், கௌபோய்ப் படத்தில் மலையகத் தொழிலாளி யார்? அவன் நிலம் பிடித்த குடியேற்றக்காரன் அல்லன்; நிலம் இழந்த பூர்வகுடியும் அல்லன். அவனுக்குரிய இடம் மூன்றாவது. இப்படங்கள் பெரும்பாலும் காட்ட மறந்த இடம். 1869 மே 10இல் அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைத்த இரயில் பாதையின் மேற்குப் பகுதியை மலை குடைந்து அமைத்தவர்களிற் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர். பாதை முடிந்தது, 1882இல் சீனத் தொழிலாளர் நாட்டினுள் வருவதையும் சீனர் குடியுரிமை பெறுவதையும் தடுக்கும் சட்டம் வந்தது. இலங்கையில் 1867இற் கண்டியை எட்டிய இரயில் 1885இல் நானுஓயாவை அடைந்தது. காட்டை வெட்டித் தோட்டமாக்கி, அந்த இரயிலில் ஏற்றுவதற்குத் தேயிலையை விளைவித்தவர்களின் வழித்தோன்றல்கள் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். 1964இல் இரு பிரதமர்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; 150,000 பேரின் கணக்கு பிற்போடப்பட்டது. இவ்விரு வரலாறுகளுக்குமிடையிலுள்ள ஒப்புமை தற்செயலன்று. மூலதனம் உழைப்பை அழைக்கும். உழைத்தவனைக் குடிமகனாக ஏற்க மறுக்கும்.

லியோனியின் 'வன்ஸ் அப்போன் எ ரைம் இன் த வெஸ்ற்' (1968) பற்றி எமது இரசிகர்கள் ஓயாது வாதாடுவர். சார்ள்ஸ் புரொன்சனும் ஹென்றி ஃபொண்டாவும் மோதும் இறுதிச் சமரா, கடிகாரச் சமரா பெரிது என்பதே கேள்வி. ஆனால் படம் அச்சமரோடு முடியவில்லை. இரயில் வந்து சேர்கிறது. பாதை போடும் தொழிலாளர் கூட்டத்துக்குக் கிளோடியா கார்டினாலே ஏற்ற பெண் தண்ணீர் கொண்டு வருகிறாள். துப்பாக்கிக்காரர்கள் சட்டகத்தை விட்டு விலக, வேலை செய்பவர்கள் அதனை நிறைக்கின்றனர். நாம் கேட்ட வாதங்களில் ஒரேயொரு தடவைதான், ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் இக்கட்டத்தைத் தமது கட்டமாகச் சொன்னார். அங்கேதான் வேலை செய்கிறவனைக் காட்டுகிறார்கள் என்றார். மற்றவர்கள் சிரித்தனர். அவர் மேலும் வாதிடவில்லை. பொய்ப் பிரக்ஞை என்ற சொல்லை இவ்விடத்தில் யாருக்குப் பொருத்துவது என்பதை எமது விமர்சக நண்பர்கள் கூறவேண்டும்.

துப்பாக்கி பற்றியும் சிறிது சொல்லவேண்டும். கௌபோய்ப் படத்தில் அது நியாயத்தின் கருவி. நல்லவன் தீயவனிலும் விரைவாக அதனை உருவுவான். மலையக வரலாற்றில் அது ஒருபோதும் தொழிலாளியின் பக்கம் இருந்ததில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்திற் கோவிந்தனும், 1977 மே மாதத்தில் டெவன் தோட்டக் காணி சுவீகரிப்பை எதிர்த்தபோது சிவனு லெட்சுமணனும் பொலிஸ் சூட்டுக்குப் பலியாகினர். இவ்விரு பெயர்களும் எமது இரசிகர்கள் அறியாதவை அல்ல. ஆயின் சினிமாத் துப்பாக்கியின் கவர்ச்சி, இல்லாத ஒன்றன் மீதான ஏக்கம் எனலாம். அவ்வேக்கம் இயல்பானது. எம்மைக் கவலைகொள்ள வைப்பது வேறு: வெளியிலிருந்து ஒருவன் வருவான், தனியனாக நின்று தீர்த்துவைப்பான், ஊரார் காத்திருந்தாற் போதும் என்ற எதிர்பார்ப்பு. 'ஹை நூன்' (1952) படத்தில் ஊரார் அனைவரும் கோழைகளாகக் கதவடைத்துக்கொள்வர். அதனை எழுதிய கார்ள் ஃபோர்மன் அமெரிக்கக் கம்யூனிஸ எதிர்ப்பு வேட்டைக்கு இலக்கானவர் என்பதை அறிந்தாற் கோழைகள் யாரெனப் புரியும். அறியாது பார்த்தால் மக்கள் என்றாலே கோழைகள் என்ற பாடமே எஞ்சும்.

மலையகத்தில் இது சினிமாவோடு நிற்கும் விடயமன்று. 'தலைவர்' என்ற ஒற்றைச் சொல்லால் தொழிற்சங்கத்தையே குறிக்கும் வழக்கம் இங்குண்டு. தெளிவத்தை ஜோசப்பின் திரைக்கதையில் 1975இல் வெளிவந்த 'புதிய காற்று', தோட்டத் தொழிலாளரைத் திரைக்குக் கொணர்ந்த வகையில் எமது பாராட்டுக்குரிய முயற்சி. அதன் கதாநாயகன் தொழிற்சங்கத் தலைவரான வீ. பி. கணேசனே. தலைவர் கதாநாயகனாவதும், கதாநாயகன் தலைவனாவதும் தமிழ்ச் சூழலுக்குப் புதியதன்று. தமிழ்த் திரைப்படத்தின் அரசியற் பணி பற்றிப் பேராசிரியர் சிவத்தம்பி 1981இலேயே ஆராய்ந்துள்ளார். கௌபோய் வீரன் எமது மக்களைக் கெடுத்தான் என்பதிலும், ஏற்கெனவே காத்திருக்கப் பழக்கப்பட்ட மக்களிடம் அவன் எளிதாகக் குடிபுகுந்தான் என்பதே பொருந்தும்.

இதற்கு மாற்று இவ்வகைப் படங்களுக்குள்ளேயே இல்லாமலில்லை. 'பெற்றில் ஒஃப் அல்ஜியேர்ஸ்' எழுதிய ஃபிராங்கோ சொலினாசின் பங்களிப்போடு டாமியானோ டாமியானி இயக்கிய 'எ புல்லற் ஃபோ த ஜெனரல்' (1966) படத்தில், மெக்சிக்கோப் புரட்சியினுள் நுழையும் அமெரிக்க அந்நியன் மீட்பனல்லன், கூலிக்கொலையாளி. கொள்ளையனே மெல்ல மெல்ல அதனை உணர்ந்து அவனைச் சுடுகிறான். கடிகாரச் சமரில் எமது இரசிகர்கள் வெறுத்து மகிழும் ஜியான் மரியா வொலொந்தேயே அக்கொள்ளையனாகவும் நடித்துள்ளார். நாம் கேட்ட எந்த வாதத்திலும் இப்படம் பேசப்படவில்லை. எமது திரைப்பட வட்டங்கள் ஐரோப்பியக் கலைப்படங்களுக்கு வசனம் எழுதுவதில் ஒரு பகுதியையேனும் இதற்குச் செலவிடலாம்.

இறுதியாக ஒரு குறை. நாம் கேட்ட வாதங்கள் அனைத்தும் ஆண்களின் வாதங்கள். மேலே போற்றிய தண்ணீர்க் கட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் விட்டோம். அப்பெண்ணிடம், தொழிலாளருக்குத் தண்ணீர் கொண்டுபோ, அவர்களில் ஒருவன் உடம்பிற் தட்டினாலும் பொருட்படுத்தாதே என்ற பொருள்பட ஓர் ஆண் அறிவுரை கூறுகிறான். கங்காணியின் கையையும் வாயையும் அறிந்த கொழுந்துமலைப் பெண்களுக்கு அவ்வறிவுரை எவ்வாறு ஒலிக்கும் என்பதை எவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. டெக் வாடகைக்கு வந்த இரவுகளிற் பெண்களும் படம் பார்த்தனர் என்றும், விடிந்தாற் பிரட்டுக்குப் போகவேண்டியிருந்தமையால் முதலாவது படத்தோடு எழுந்து சென்றனர் என்றும் கூறக் கேட்டோம். கௌபோய்ப் படம் பெரும்பாலும் கடைசியாகவே போடப்பட்டதாம்.