விளையாட்டுப் பொறியும் கணனியும்: ஓர் ஒப்புநோக்கு

இரு பொருள்களை ஒப்பிடப் புகுவோர் முதற்கண் அளவுகோலைத் தெளிதல் வேண்டும். தொலைக்காட்சியோடு இணைத்து ஆடப்படும் விளையாட்டுப் பொறியையும், பல பணிக்கும் உதவும் கணனியையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் வேகம், நினைவகம் என்னும் எண்களையே நிறுத்துப் பார்க்கின்றனர். அவ்வளவுகோல் போதியதன்று என்பதை இவ்விரண்டின் வரலாறே காட்டும்.

1981 இல் வெளிவந்த ஐ.பி.எம். கணனியின் மையச் செயலி வினாடிக்கு 47 இலட்சத்து 70 ஆயிரம் துடிப்புகள் உடையது. 1983 இல் யப்பானில் நின்ரெண்டோ வெளியிட்ட பமிக்கொம் பொறியினதோ ஏறக்குறைய 18 இலட்சமே. எனினும், எண்ணால் மெலிந்த அப்பொறியே 1985 இல் 'சுப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தின் காட்சியைத் தங்குதடையின்றி நகர்த்திக் காட்டியது. சிறு சிறு ஓடுகளாய் அமைந்த படத்தை நகர்த்துதற்கென்றே தனி இலத்திரனியற் சில்லு ஒன்று அதன்கண் இருந்தமையே காரணம். கணனியில் அச்சுமை பெரும்பாலும் மையச் செயலியின் மேலேயே விழுந்தது. 1990 இல் ஜோன் கார்மக் என்பார், மாறிய ஓடுகளை மட்டும் மீள வரையும் உபாயத்தால், 'கொமாண்டர் கீன்' ஆட்டத்தைக் கணனியிலும் அங்ஙனம் ஓடச் செய்தார்.

சிறப்பாய் அமைந்ததே பின்னர்த் தளையும் ஆயிற்று. 1993 இல் கணனிக்கு வந்த 'டூம்' ஆட்டத்திலே, ஆடுவோன் திரும்புந்தோறும் சுவர்களின் தோற்றத்தைப் புதிதாய்க் கணித்தல் வேண்டும். அதற்கு ஓட்டுச் சித்திரம் உதவாது; வளர்ந்துவிட்ட மையச் செயலியே உதவியது. 1995 இல் அவ்வாட்டம் சுப்பர் நின்ரெண்டோவிற்குச் சென்றபோது, ஆட்டப் பேழையினுள்ளேயே மேலதிகச் செயலி ஒன்றை வைக்க நேர்ந்தது. ஆகவே, பொறியின் வலி நிலைபேறு. கணனியின் வலி வளர்ச்சி. மாறாத பொறியை ஆட்டம் செய்வோர் பல்லாண்டு பயின்று அதன் முழுத் திறனையும் வெளிக்கொணர்வர். கணனியோ உறுப்புகளை மாற்றி மாற்றித் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்.

இவ்வேற்றுமை இன்று பெரிதும் தேய்ந்துவிட்டது. 2006 இல் வந்த பிளேஸ்ரேசன் 3, 'செல்' என்னும் தனித்தன்மை வாய்ந்த செயலியைக் கொண்டிருந்தது. 2013 இல் வந்த பிளேஸ்ரேசன் 4, எக்ஸ்பொக்ஸ் வன் ஆகிய இரண்டுமோ கணனிக் குடும்பத்துச் செயலியையே ஏற்றன. 2020 இன் பொறிகளும் அவ்வழியே சென்றன. உடல் ஒன்றாயின், எஞ்சிய வேற்றுமை யாது?

திறவுகோல் யார் கையில் என்பதே எம் விடை. பிளேஸ்ரேசன் 3 இன் வட்டுகள் அதன் வழிவந்த பொறிகளில் ஓடா. 2023 மார்ச்சில் நின்ரெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ ஆகிய பொறிகளின் இணையக் கடைகளை மூடியது. அங்கு மட்டுமே விற்கப்பட்ட ஆட்டங்களை அப்பொறிகளுக்கெனப் புதிதாய் வாங்க வழியில்லை. 'டூம்' ஆட்டத்தின் மூல நிரலோ 1997 இல் யாவர்க்கும் வெளியிடப்பட்டமையால், அது இன்றைய கணனிகளிலும் ஓடுகின்றது. கணனிக்கான இணையக் கடைகளும் பெரும்பாலும் உரிமத்தையே விற்கின்றன என்பது மெய்யே. ஆயினும், பழைய ஆக்கத்தைக் காத்தற்குப் பிறர் முயலக் கணனி இடந்தரும். பொறி தன்னை ஆக்கியோரின் இசைவை வேண்டி நிற்கும். விளையாட்டும் ஒரு கலையாயின், அதனைப் பின்வருவோர்க்கு விட்டுச்செல்லும் கருவி எது என்பதே ஒப்பீட்டின் முதல் வினாவாதல் தகும்.