எசாயா 7:14: இம்மானுவேல் வாக்கும் கிறித்தவ வாசிப்பும்

எபிரேய இறைவாக்குகளை மெசியா பற்றிய முன்னறிவிப்புகளாகக் கிறித்தவர்கள் வாசிப்பதற்கு நன்கு அறியப்பட்ட சான்று எசாயா நூலின் 7:14 வசனமாகும். இளம்பெண் ஒருத்தி பெறும் மகனுக்கு 'இம்மானுவேல்' எனப் பெயரிடப்படும் என்பது இதன் கருத்து. 'கடவுள் நம்மோடு' என்பது அப்பெயரின் பொருள்.

வரலாற்றுச் சூழல்

கி.மு. 735 அளவில் ஆராம் அரசன் இரட்சீனும் வட இசுரயேல் அரசன் பெக்காவும் கூட்டுச் சேர்ந்து யூதாவைத் தாக்கினர். அஞ்சிய யூதா அரசன் ஆகாசுக்கு எசாயா அறிவித்த அடையாளமே இக்குழந்தை. குழந்தை நன்மை தீமை அறியும் முன்பே பகைவர் இருவரின் நாடும் பாழாகும் என்கிறது 16ஆம் வசனம். ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் நிகழும் பிறப்பு ஆகாசுக்கு அடையாளமாக இருந்திருக்க முடியாது. எனவே வாக்கின் முதற்பொருள் அவன் காலத்துக் குழந்தையையே சுட்டுகிறது.

சொல் பற்றிய விவாதம்

எபிரேய மூலத்தில் உள்ள 'அல்மா' என்னும் சொல் மணப்பருவத்து இளம்பெண்ணைக் குறிக்கும். கன்னியைக் குறிக்க வழக்கமாக வரும் சொல் 'பெத்தூலா'. கிறித்துவுக்கு முன்பே யூதர்கள் செய்த கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவசிந்தாவில் 'பார்தெனோசு' என்ற சொல் இடம்பெற்றது. இது பெரும்பாலும் கன்னியைக் குறிக்கும். மத்தேயு நற்செய்தி 1:23இல் இச்சொல்லே உள்ளது. ஆகவே கிறித்தவர்களே சொல்லை மாற்றினர் என்ற குற்றச்சாட்டு பொருந்தாது.

இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தின் எழுதிய 'திரிபோவுடன் உரையாடல்' நூலில், இவ்வாக்கு எசேக்கியா அரசனைக் குறிப்பதாக யூதரான திரிபோ வாதிடுகிறார். 'இளம்பெண்' என்று பெயர்ப்பது திரிபு என்பது யுஸ்தினின் பதில். இதுவும் நியாயமன்று. 1947இல் கும்ரான் குகையில் கிடைத்த, கிறித்துவுக்கு முற்பட்ட எசாயா சுருளிலும் 'அல்மா' என்றே உள்ளது.

மதிப்பீடு

மத்தேயு, இயேசுவின் மீது கொண்ட நம்பிக்கையிலிருந்து பின்னோக்கிப் பழைய வாக்கை வாசிக்கிறார். இயேசுவுக்கு இம்மானுவேல் என்ற பெயர் வழங்கவில்லை. அப்பெயரின் பொருளே மத்தேயுவுக்கு முதன்மையானது. எந்நாளும் உங்களோடு இருக்கிறேன் என்ற கருத்திலேயே அவர் நூலும் முடிகிறது.

நம்பிக்கையின் வெளிப்பாடாக இவ்வாசிப்புக்கு மதிப்புண்டு. யூதர்களைக் குருடர் எனப் பழிக்கும் ஆதாரமாக அதைப் பயன்படுத்துவது தவறு. 1995ஆம் ஆண்டு வெளியான தமிழ்த் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு எசாயாவில் 'இளம்பெண்' என்றும் மத்தேயுவில் 'கன்னி' என்றும் தருகிறது. இரு பொருளையும் அதனதன் இடத்தில் நிற்கவிடும் இம்முறையே நேர்மையானது.