சிவநேசர் துயரும் திலகவதியார் துயரும்

செங்கற்பட்டுக் கடற்கரையில் முட்டுக்காட்டுக் கழிமுகத்திற்குத் தெற்கே உள்ள கோவளம், திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்கு அணித்தாய், தர்காவும் மாதா கோயிலும் உடையதாய் விளங்கும் பழந்துறை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை சுமத்திராவை அடுத்த கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தான் எழுந்த ஆழிப்பேரலை, ஏறத்தாழ மூன்று மணி நேரத்துள் இக்கரையை எய்திற்று. தமிழ்நாட்டில் மாண்டோர் ஏறக்குறைய 8,000 பேர். அவருட் பெரும்பாலார் நாகப்பட்டின மாவட்டத்தினர். இந்தியாவிற்கெனச் சுனாமி முன்னறிவிப்பு நிலையம் ஐதராபாத்தில் அமைந்தது 2007இல் ஆதலின், அன்று கரையில் நின்றார்க்கு ஒரு சொல்லும் வந்திலது.

இங்ஙனம் எதிர்பாராது வரும் இழவைப் பற்றிப் பெரியபுராணம் கூறுவது யாது என வினவுவார்க்கு, இதே கரையின் வடபால் உள்ள திருமயிலையிற் பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையாரின் வரலாற்றை எடுத்துக்காட்டுதல் வழக்கம். அன்புடையார்க்கு இறந்தாரும் மீள்வர் என்று அதனை முடிப்பாரும் உளர். மகவை அலை கொண்டுபோகக் கண்ட தாய்க்கு இம்முடிபு மருந்தாகாது. 'நின் அன்பு போதாது' என்னும் வேறொரு புண்ணே ஆகும். சேக்கிழார் கருத்து அதுவோ என்பது ஆராயற்பாலது.

மகளார் ஏழாண்டினராய் இறந்தார்; எழுந்தபோது பன்னீராண்டினராய் எழுந்தார். இடைப்பட்ட ஆண்டுகளைச் சேக்கிழார் பாடியுள்ள திறமே ஈண்டு முதன்மையாக நோக்கத்தக்கது. விடந்தீர்ப்பார் பலர் முயன்றும் பயனின்றிப்போக, சிவநேசர் ஈமத்தின்கண் எஞ்சிய என்பையும் சாம்பரையும் குடத்தில் இட்டுக் கன்னிமாடத்தில் வைத்தார். மெல்லிய அணை, மாலை, சாந்து, திருமஞ்சனம், வெண்சோறு, பகல்விளக்கு என இவையெல்லாம் நாள்தோறும் அக்குடத்திற்கு நடந்தன. மகளைப் பிள்ளையார்க்கு உரியளாக முன்னரே உரைத்தமையின் தாம் வருந்துதற்கு இடமில்லை என்று அவர் தேறியதாகப் புராணம் கூறுதலின், அவர்க்குத் துயரே இல்லை என உரை காண்பர் சிலர். துயரே இல்லாதவர் சாம்பற்குடத்திற்குச் சோறு படைப்பாரோ? வருந்தலாகாது என்பது அவர் சொல். குடம் அவர் செயல். இரண்டையும் ஒருங்கு வைத்துக் காட்டியது புலவர் பெருமானின் நுட்பம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 முதல் வழக்கிற்குக் கொணர்ந்த நோய்ப்பகுப்பு, ஆறு திங்களுக்கு மேலும் குறையாது நின்று வாழ்வை முடக்கும் இழவுத்துயரைத் தனியொரு நோயாக வகுக்கின்றது. ஆண்டுகள் பல குடம் காத்த சிவநேசரும் நோயாளரோ எனின், கால அளவு ஒன்றே கொண்டு அதனைத் துணிதல் இயலாது. அப்பகுப்பு தானும் அவ்வச் சமூகத்தின் வழக்கத்தையும் நோக்குமாறு பணிக்கின்றது. பிள்ளையார் ஒற்றியூர்க்கு வந்தது கேட்டு, மயிலை தொடங்கி ஒற்றியூர் வரை வழியெல்லாம் அணிசெய்வித்தவர் முடங்கியவர் ஆகார். கடல் கொண்டாருட் பலர்க்கு உடலும் கிடைத்திலது. கிடைத்தனவும் பல பொதுக்குழிகளில் விரைந்து புதைக்கப்பட்டன. காத்தற்கு ஒரு குடமும் இல்லாதார் துயர் சிவநேசர் துயரினும் கொடிது.

இனிப் பிள்ளையார் அருளிய பதிகத்தில் பாம்பும் நஞ்சும் பேசப்படவில்லை, நிலையாமையும் உபதேசிக்கப்படவில்லை. ஓணம், விளக்கீடு, ஆதிரை, பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என மயிலையின் விழாக்களே வருகின்றன. அவற்றைக் காணாதே போதல் தகுமோ என்பதே வினா. கூட்டமும் ஒலியும் உணவும் நிறைந்த ஊர்வாழ்வைச் சொல்லியே அழைக்கின்றார். தகப்பனைக் கொன்ற கடலிலேயே மகன் மீண்டும் வலையிடும் ஊர்களில் அக்கடலாட்டுப் பாட்டு வேறொரு பொருளும் தரும்.

எனினும், மீளா இழவிற்கு உரிய இடம் திலகவதியார் வரலாறே. தந்தையார் நோயாற் போயினார். தாயார் உடன் சென்றார். மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரிற் பட்டார். உயிர்விடத் துணிந்த தமக்கையார் அடியில் மருணீக்கியார் வீழ்ந்து வேண்டியது, தாய்தந்தையர்க்குப் பின்னும் தாம் உயிரோடிருப்பது அவரை வணங்கலாம் என்றே என்பதும், அவர் நீங்கின் தாம் முன்னே நீங்குவர் என்பதுமே. வினையென்றும் விதியென்றும் ஒரு சொல்லும் அச்சிறுவர் வாயில் இல்லை. வினைக்கொள்கை சித்தாந்தத்திற்கு உடன்பாடே. ஆயினும் அழுவார் முன் அதனை முதற்சொல்லாக வைத்தல் சேக்கிழார் நெறி அன்று. ஆழிப்பேரலையின் பின்னர்ப் பெங்களூர்த் தேசிய மனநல நிலையத்தார் ஊரவரையே துணைவராகப் பயிற்றியபோதும், துயருற்றார் சொல்வதைக் கேட்டலே முதற்பாடமாயிற்று.

தம்பியாரின் துயர் வேறு வழியிற் சென்றது. தண்ணீர்ப்பந்தர், சோலை, குளம் என அறம் பல செய்தும் அமையாது, நிலையாமை உணர்வு உந்தச் சமணம் புக்கார். இதனை வெறும் மதமாற்றமாகவே பேசி, இதன் அடியில் நின்ற மூன்று சாவுகளை மறத்தல் உரைகாரர் பலர்க்கும் உள்ள குறை. தமக்கையார்க்கோ அது நான்காம் இழவு. அவர் அதிகை வீரட்டானத்தில் அலகிட்டும் மெழுகியும் மாலை தொடுத்தும் இருந்தார். சூலைநோயொடு தம்பியார் இரவில் மீண்டு வந்து அடியில் வீழ்ந்தபோதும், திருநீறு அளித்து, விடியலில் திருவலகும் மெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டே அவரை உடன் அழைத்துக் கோயிலுக்குச் சென்றார்.