நகங்களுக்கு இடையே காந்தம்

கார் ஆல்டர்னேட்டரின் சுழலும் பகுதியான ரோட்டாரில், விரல் கோத்த இரு கைகள்போல நக வடிவ இரும்புத் துருவங்கள் எதிரெதிராக நிற்கும்; உள்ளே ஒரே ஒரு வளையக் காயில். எஞ்சின் வேகம் எப்படி மாறினாலும், காயிலின் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்து வோல்டேஜை 14 வோல்ட் அளவில் பிடித்துவைக்கலாம். ஒரு குறை: காந்தப்பாயத்தில் ஒரு பங்கு, மின்சாரம் உருவாகும் ஸ்டேட்டருக்குப் போகாமல் பக்கத்து நகத்துக்கே கசிந்துவிடும்.

சில ஆல்டர்னேட்டர்களில் அந்த நகங்களின் இடுக்குகளில் சின்னச் சின்ன நிலைக்காந்தங்களைச் செருகி, கசிவை எதிர்க்கும் திசையில் வைக்கிறார்கள். அதே காயில், கூடுதல் மின்சாரம்! இதைவிட அழகு வேறொன்று. காயிலின் மின்னோட்டத்தை நிறுத்தினால், காந்தங்களின் பாயம் பெரும்பாலும் ரோட்டாரின் இரும்புக்குள்ளேயே சுற்றிக்கொள்கிறது. ஆகவே அதிவேகத்திலும் வோல்டேஜ் கட்டுமீறுவதில்லை. நிலைக்காந்தம் மட்டுமே உள்ள இயந்திரத்தில் இந்த நிம்மதி கிடையாது. சுழன்றுகொண்டிருக்கும்வரை அது மின்னழுத்தம் தந்துகொண்டேதான் இருக்கும்.