சல்யூட் அடிப்பவர் யார்? ராம்ராஜ் விளம்பரமும் திருப்பூரின் பெயரில்லாத பனியன்களும்

திருப்பூரைப் பற்றி யார் எழுதினாலும் பனியனில்தான் தொடங்குவார்கள். ஆனால் அந்த ஊரிலிருந்து கிளம்பிய பெயர்களில் தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது ஒரு வேட்டிப் பெயர். 1983-ல் கே.ஆர். நாகராஜன் தொடங்கிய ராம்ராஜ். அப்பா ராமசாமி பெயரிலிருந்து 'ராம்', தன் பெயரிலிருந்து 'ராஜ்'. பெயருக்கான கதை அவ்வளவுதான். விஷயம் பெயரில் இல்லை.

வேட்டி இயல்பிலேயே முகமில்லாத சரக்கு. நாலு முழமா எட்டு முழமா, கரை என்ன கலர்னு கேட்பார்கள். யார் நெய்தது என்று கேட்பவர் அபூர்வம். ஜீன்ஸுக்குப் பின்னால் தோல் பட்டை உண்டு, சட்டைக்குக் காலர் உண்டு. வேட்டியில் ஒட்டின ஸ்டிக்கர் கட்டுவதற்கு முன்பே உரிந்துவிடும். அப்படியானால் பிராண்டை எங்கே வைப்பது? ராம்ராஜ் அதைத் துணியில் வைக்கவில்லை. எதிரே நிற்பவரின் கையில் வைத்தது.

ஜெயராம் வெள்ளை வேட்டி சட்டையில் நடந்து வருவார், எதிர்ப்படுபவர்கள் சல்யூட் அடிப்பார்கள். மனதில் நிற்பது இவ்வளவுதான். என்ன நூல், சாயம் நிற்குமா, விலை என்ன, எதுவும் நமக்கு ஞாபகமில்லை. வேட்டி கட்டியதற்காக ஒரு பெரிய ஹோட்டலில் தன்னை உள்ளே விடவில்லை என்று நாகராஜன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த அவமானத்தை அப்படியே திருப்பிப் போட்டால் இந்த விளம்பரம் வருகிறது. அது அவருக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 2014 ஜூலையில் சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப், வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனையே திருப்பி அனுப்பியது. அடுத்த மாதமே அப்படித் தடுப்பதற்கு எதிராகச் சட்டசபையில் சட்டம் வந்தது. ஊர் முழுக்க இருந்த ஒரு காயத்தை இந்த விளம்பரம் அதற்குப் பல வருடம் முன்பே தொட்டுவிட்டது. இதை நான் மனசாரப் பாராட்டுகிறேன்.

உறுத்தலும் அங்கேயேதான் இருக்கிறது. வேட்டிக்கு மரியாதை வாங்கித் தர எடுத்த சைகை சல்யூட். வெள்ளைக்காரன் பட்டாளத்து வழக்கம். வணக்கம் கூட இல்லை! அடிப்பவர் யார், வாங்குபவர் யார் என்று பாருங்கள். கார் வைத்திருக்கும் முதலாளிக்கு மரியாதை வருகிறது. வயலிலும் டீக்கடையிலும் மடித்துக் கட்டிய அழுக்கு வேட்டிக்கு அந்த ஃபிரேமில் இடமில்லை. நெய்தவரும் இல்லை. சில வகை வேட்டிகளை 1985-ம் வருடச் சட்டம் கைத்தறிக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. அந்த முப்பது விநாடியைப் பார்த்தவருக்குக் கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் வித்தியாசம் தெரிய வழியே இல்லை.

எனக்குத் தெரிந்த சின்ன யூனிட்காரர்கள், பத்துப் பதினைந்து மெஷின் பவர்டேபிள் போட்டிருப்பவர்கள், பிராண்ட் பண்ணணும்னு சொல்லி முதலில் கேட்பது லோகோவும் வெப்சைட்டும். கொஞ்சம் காசு சேர்ந்தால் ஒரு நடிகர். ராம்ராஜிடமிருந்து இவர்கள் எடுத்துக்கொண்டது ஜெயராமை மட்டும்தான். அடியில் இருந்த அவமானத்தை யாரும் பார்க்கவில்லை.

காதர்பேட்டைக்குப் போனால் பிராண்டின் விலை கண்ணுக்கு நேராகத் தெரியும். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சின டி-ஷர்ட், கழுத்தில் லேபிள் வெட்டப்பட்டுக் குவியலாகக் கிடக்கும். துணி அதே, தையல் அதே. இரண்டு அங்குல ரிப்பன் போனதும் விலையும் போயிற்று. எங்கள் சாஃப்ட்வேர் துறையிலும் இதேதான், எழுதுவது நாம், பெயர் வேறு யாருடையதோ. அதனால் அந்தக் குவியலை என்னால் சும்மா கடந்து போக முடிவதில்லை.

சரி, திருப்பூர் பனியனுக்குச் சொல்ல அப்படி ஒரு சொந்தக் கதை இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் அது பெருமையில் தொடங்காது. பாசனத்துக்குக் கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டியாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மறுபடி ஓட்ட வேண்டுமென்றால் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது. அதன்படி சுத்திகரிப்பு நிலையங்களில் தண்ணீரை மீட்டு மறுபடி சாயத்துக்கே அனுப்புகிறார்கள். கலரைத் தாண்டி உப்பையும் பிரித்தெடுக்க வேண்டும், அதற்கான கரண்ட் செலவு ஒவ்வொரு கிலோ துணியிலும் ஏறுகிறது. வெளிநாட்டு பையர் அதற்குத் தனியாக ஒரு பைசா தர யோசிப்பார். உள்ளூர் மார்க்கெட்டுக்குத் தைப்பவரோ அதை வாயே திறந்து சொல்வதில்லை.

நொய்யலுக்கு என்ன செய்தோம், இப்போது என்ன செய்கிறோம் என்று நாலு வார்த்தை அச்சடித்த ஒரு பனியன் டப்பாவைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை கையில் கிடைத்ததெல்லாம் உடம்பைக் காட்டும் ஒரு ஆணின் படம் போட்ட டப்பாக்கள்தான்.