இரண்டாம் விதியும் கடல் புறாவும்

பள்ளி நாட்களில், வையம்பட்டியிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் இருந்த ஒரு கிளை நூலகத்தில் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைக் கேட்டேன். அங்கிருந்த அக்கா அலமாரியைத் துழாவிவிட்டு, "அது இங்க இல்ல தம்பி. இதுலயும் கடல்தான் வருது, எடுத்துட்டுப் போங்க" என்று சாண்டில்யனின் 'கடல் புறா' முதல் பாகத்தை நீட்டினார். வாங்கி வந்தேன். நல்லாத்தான் இருந்தது.

பல வருடம் கழித்து எஸ்.ஆர். ரங்கநாதன் ஆங்கிலத்தில் எழுதிய 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' படித்தபோது அந்த அக்கா ஞாபகத்துக்கு வந்தார். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் வந்த இந்தப் புத்தகம் பாடநூல் மாதிரியே இல்லை. விதிகள் பாத்திரங்களாகி வாதாடுகின்றன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும் என்கிற இரண்டாம் விதிக்கு, ஒரு அத்தியாயத் தலைப்பில் 'திக்விஜயம்' என்றே பெயர். ராஜா படையெடுப்பது போல அது நாடு நாடாகப் போகிறது. நூலகங்களை ஒன்றோடொன்று இணைப்பது அரசின் கடமை என்றும் சொல்லிவிடுகிறார். அதே 1931 அக்டோபரில்தான் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகங்கள் கிராமம் கிராமமாகப் போகத் தொடங்கின.

கேட்கத் தெரியாத வாசகருக்கு நூலகர் பக்கத்திலேயே நின்று உதவ வேண்டும் என்கிறார் ரங்கநாதன். எனக்கு இடிப்பது இந்த இடம்தான். பக்கத்திலேயே நின்று, அன்பாக, வேறொன்றைக் கையில் கொடுத்தனுப்பினால்? புத்தகத்தின் உற்சாகத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. அதில் வாசகரின் எதிரி எப்போதும் கடுகடுப்பான ஆசாமி, பூட்டிய அலமாரி, காசில்லை என்கிற அதிகாரி. கனிவு எதிரியாக வருவதே இல்லை.

நூலகங்களுக்கிடையிலான கடன் ஒரு துண்டுச்சீட்டில் தொடங்குகிறது. வாசகர் கேட்ட தலைப்பை எழுத வேண்டும், எந்த நூலகத்தில் இருக்கிறதென்று கூட்டுப் பட்டியலில் தேட வேண்டும், அங்கிருந்து வரவழைத்து, தவணைக்குள் திருப்பியனுப்ப வேண்டும். 1988இல் தொடங்கிய டெல்நெட் மூலம் கல்லூரி நூலகங்கள் இதைச் செய்கின்றன. அக்கா அன்றைக்கு என் சீட்டை எழுதவில்லை. பதிவேட்டில் விழுந்தது ஒரு வாசகர், ஒரு புத்தகம், திருப்தி. சிங்காரம் கேட்கப்பட்டதற்கு எந்தத் தடயமும் கிடையாது. அடுத்த முறை வாங்கவேண்டிய புத்தகப் பட்டியல் போடுகிறவருக்கு அப்படி ஒரு வாசகன் இருந்ததே தெரியாது.

1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர்கள் கன்னிமாராவுக்கு ஒரு பிரதி அனுப்பியாக வேண்டும். திருச்சி–திண்டுக்கல் ரயில் பாதையில் வையம்பட்டிக்கு ஸ்டேஷனே இருக்கிறது. தூரத்தை நான் காரணமாக ஏற்கமாட்டேன். (மாட்டுவண்டியே போயிருக்கிறது.)

முதல் பாகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அக்கா, "பிடிச்சுதா தம்பி?" என்றார். தலையாட்டினேன். அலமாரியில் இரண்டாம் பாகம் இல்லை. நான் கேட்கவும் இல்லை.