இடுப்புவலியும் எம்.ஆர்.ஐ. அறிக்கையும்

இடுப்பு பிடித்துக்கொண்டால் ஒரு வாரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுவது நம் நகரங்களில் வழக்கமாகி வருகிறது. டாக்டர் எழுதித் தராவிட்டாலும் நோயாளியே கேட்டு எடுக்கிறார். அறிக்கையில் எல்-4, எல்-5 எலும்புகளுக்கு இடையே டிஸ்க் பல்ஜ் (பிதுக்கம்), டிஸ்க் தேய்மானம் என்று நான்கைந்து வரிகள் இருக்கும். வீட்டில் அது 'ஜவ்வு விலகிடுச்சு' என்று ஆகிவிடும். அன்றுமுதல் குனியப் பயம், குடம் தூக்கப் பயம், பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்காரப் பயம்.

ஸ்கேனின் அருமையை நான் குறைத்துப் பேசவில்லை. இடுப்புவலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டால், ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனால், காலில் பலம் நாளுக்கு நாள் குறைந்தால் அன்றைக்கே ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அங்கே தாமதம் நிரந்தர ஊனத்தில் முடியலாம். காய்ச்சல், உடல் இளைப்பு, படுத்தாலும் தணியாத இரவு வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு அரிபட்ட பிறகு தெரிவதை எம்.ஆர்.ஐ. முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தாலும் அப்படியே.

இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாத சாதாரண இடுப்புவலிக்காரர்கள்தான் பெரும்பான்மை. சிக்கல் அவர்களிடம் தொடங்குகிறது. 1994இல் அமெரிக்காவில் இடுப்புவலியே இல்லாத 98 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் பல்ஜ் இருந்தது. எல்லா டிஸ்க்குகளும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம் மட்டுமே. 2015இல் இத்தகைய 33 ஆய்வுகளைச் சேர்த்து, வலியில்லாத 3,110 பேரின் விவரங்களைத் தொகுத்தார்கள். 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் அது 96 சதவீதம். அப்படியென்றால் 45 வயதுக்காரர் ஒருவரின் படத்தில் தேய்மானம் தெரிந்தால் அதுதான் அவருடைய வலிக்குக் காரணம் என்று எதை வைத்துச் சொல்வது?

தேவையில்லாத படத்தால் பணம்தானே போகிறது, உடம்புக்கு என்ன கெடுதல் என்று கேட்கலாம். கெடுதல் உண்டு. அதைக் காட்டிய ஆய்வு கோயம்புத்தூரில், கங்கா மருத்துவமனையில் நடந்தது. டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு அது. இடுப்புவலி உள்ள 44 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு அறிக்கையில் உள்ள ஒவ்வொன்றையும் விளக்கினார்கள். மற்றப் பிரிவினரிடம், பயப்பட ஒன்றுமில்லை, வயதுக்கேற்ற மாற்றங்கள்தான் என்றார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, முழு விவரம் கேட்டவர்களுக்கு வலி குறைந்தது குறைவு. அன்றாட வேலை செய்யும் திறனும் பின்தங்கியிருந்தது. தங்கள் முதுகைப் பற்றிய அச்சம் கூடியிருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அறிக்கையின் வாசகமே நோயாளியின் வலியைக் கூட்டக்கூடும் என்பதை இது சோதித்துக் காட்டியது. அதே குழு இன்னொன்றையும் கவனித்தது: அச்சமூட்டும் சொற்களைக் குறைத்து அறிக்கை எழுதியபோது, அதைப் படித்த மருத்துவர்களே நோயின் கடுமையைக் குறைவாக மதிப்பிட்டார்கள்.

ஸ்கேனுக்கு அடுத்த படி அறுவை சிகிச்சை. பிதுங்கிய டிஸ்க்கை அகற்றும் வழி 1934இல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்களின் கட்டுரையால் பரவியது. கால் முழுக்க இழுக்கும் சயாட்டிகா வலிக்கு அது நல்ல சிகிச்சை. நெதர்லாந்தில் 283 பேரிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்கள் நான்கு வாரத்தில் தேறினார்கள். காத்திருந்தவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் ஆனது. ஓராண்டு முடிவில் இரு தரப்பிலும் 95 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் நால்வருக்குப் பின்னால் அறுவை தேவைப்பட்டது என்பதையும் மறைக்கக் கூடாது. தினக்கூலிக்குப் போகிறவருக்கு அந்த எட்டு வார வித்தியாசம் சின்ன விஷயமல்ல. 'தானாகச் சரியாகும், பொறு' என்று எல்லாருக்கும் ஒரே பதில் சொல்வதும் தவறுதான். கனடாவில் நான்கு மாதத்துக்கு மேல் சயாட்டிகாவால் அவதிப்பட்டவர்களிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில் அறுவை தெளிவாகவே முந்தியது.

கால் வலி இல்லாமல் இடுப்பு மட்டும் வலிக்கிறது, டிஸ்க் தேய்ந்திருக்கிறது, எலும்புகளைத் திருகாணி போட்டு இணைத்துவிடலாம் என்பது வேறு கதை. பிரிட்டனில் 349 பேரிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், தீவிரமான உடற்பயிற்சிச் சிகிச்சையைவிட இந்த அறுவை மேலானது என்பதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. ஸ்டெம் செல் ஊசி தேய்ந்த டிஸ்க்கைப் புதுப்பிக்கும் என்ற விளம்பரங்களுக்கும் உறுதியான சான்று இன்னும் இல்லை. டிஸ்க்கின் உட்பகுதிக்கு ரத்தக் குழாய் கிடையாது; மேலும் கீழும் உள்ள எலும்புத் தகட்டின் வழியாகக் கசிந்து வரும் சத்துதான் அதற்கு உணவு. அந்த வழியே அடைபட்ட இடத்தில் புதுச் செல்லைக் கொண்டுபோய் வைத்தால் அது எதைத் தின்று பிழைக்கும்?

எம்.ஆர்.ஐ. நல்ல கருவி, அதை முதல் படியாக்கிய பழக்கம் தவறு. ரேடியாலஜிஸ்டுகள் அறிக்கையின் அடியில், இந்த வயதில் வலியில்லாத எத்தனை பேருக்கு இதே மாற்றம் இருக்கும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். கூடுதல் செலவில்லாமல் நாளைக்கே தொடங்கக்கூடிய மாற்றம் இது. இடுப்புவலியோடு போகிறவர்களும் ஸ்கேனுக்குப் பணம் கட்டுமுன் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: 'இந்தப் படத்தில் என்ன தெரிந்தால் என் சிகிச்சை மாறும்?' ஒன்றும் மாறாது என்றால், ஆறு வாரம் நடமாட்டத்தை விடாமல், பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரும் பயிற்சியைச் செய்து பாருங்கள்.